நாற்காலியை இழுத்துச் செல்வது நடனமாகுமா?

சோதனை முயற்சியாக மேடையில் நிகழ்த்தப்படுபவற்றை நடனம் என்று ஏற்கலாமா என்று கேட்டு வந்திருக்கும் கடிதங்களில் சிலவற்றை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்தை எழுதியவர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், மற்றவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: நடன நிகழ்ச்சி என்ற அறிவிப்பைப் பார்த்து நானும் என் மனைவியும் ஓர் அரங்கத்துக்குச் சென்றோம். மேடையில் ஒரு பெண் மர நாற்காலி ஒன்றை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு இழுத்துச் சென்றார். பிறகு திரும்பவும் இழுத்து வந்தார். நாற்பது நிமிடங்களும் இதுவே நடந்தது. இசை இல்லை, தாளம் இல்லை, முகத்தில் பாவம் இல்லை. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் கண்களைத் துடைத்துக்கொண்டார். இதை நடனம் என்று சொல்லி அழைப்பது பார்வையாளரை ஏமாற்றுவது ஆகாதா?

பதில்: ஏமாற்றப்பட்டதாக உங்களுக்கு ஏற்பட்ட உணர்வை நான் சிறிதாக எண்ணவில்லை. ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, கட்டணமும் செலுத்தி வருகிறவருக்கு, தாம் எத்தகைய ஒன்றைப் பார்க்கப்போகிறோம் என்று ஓரளவேனும் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

இதே மனக்குறையோடு ஒருவர் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறார். பிரெஞ்சு நடன அமைப்பாளரான ஜெரோம் பெல் 1995-இல் தம் பெயரையே தலைப்பாக வைத்து உருவாக்கிய படைப்பு, 2002-இல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் நடந்த சர்வதேச நடன விழாவில் இடம்பெற்றது. அதில் அலங்காரம் ஏதுமற்ற மேடையில், ஒற்றை மின்விளக்கின் வெளிச்சத்தில், ஆடையில்லாத கலைஞர்கள் தங்கள் பெயரையும் உயரத்தையும் எடையையும் சுண்ணக்கட்டியால் எழுதுகிறார்கள். தங்கள் தோலை இழுத்தும் மடித்தும் பார்க்கிறார்கள். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையை ஒருவர் வாயாலேயே பாடுகிறார். இதில் நடனம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை என்று பார்வையாளர் ஒருவர் விழா அமைப்பின்மீது தொடுத்த வழக்கு 2004-இல் விசாரணைக்கு வந்தது. அவர் நடனத்துக்குத் தந்த விளக்கம்தான் எனக்கு மிகவும் பயன்படுகிறது: மனிதர்கள் தாளத்தோடு அசைவதும் குதிப்பதும், எப்போதும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் இசைக்கு ஏற்ப அப்படிச் செய்வதும், ஏதேனும் ஓர் உணர்ச்சியை வெளிப்படுத்துவதும் நடனம் என்பது அவர் கருத்து. நம்மில் பெரும்பாலோர் மனத்தில் இருப்பதும் ஏறத்தாழ இதுவே என்பதால், அதை ஒவ்வொரு கூறாக எடுத்துப் பார்ப்போம்.

இசையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் பல பத்தாண்டுகள் சேர்ந்து பணியாற்றினார்கள். அவர்களுடைய நிகழ்ச்சிகளில் இசையும் நடனமும் ஒரே நேரத்தில் ஒரே மேடையில் நிகழ்ந்தனவே தவிர, ஒன்று மற்றதற்குக் கட்டுப்படவில்லை. பல படைப்புகளில், ஆடியவர்கள் தங்கள் நடனத்தோடு ஒலிக்கவிருந்த இசையை முதன்முறையாகக் கேட்டதே மேடையேறிய நாளன்றுதான். ஆயினும் அந்த ஆட்டக்காரர்களின் கால்களையும் முதுகையும் பார்த்த எவரும் அது நடனமா என்று ஐயுற்றிருக்க முடியாது. ஆகவே இசை நடனத்தின் நெடுநாள் துணையே ஒழிய, அதன் உயிர் என்று சொல்வதற்கில்லை.

உணர்ச்சியையும் பொருளையும் பற்றிய கேள்வி இன்னும் பழையது. நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அத்தியாயத்தில் முனிவர்கள் பரதரிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள்: பாடலின் பொருளோடு தொடர்பு இல்லாமலும் எந்தக் கருத்தையும் உணர்த்தாமலும் இருக்கும் நிருத்தம் எதற்காக உண்டாக்கப்பட்டது? அதற்கு ஒரு பயன் வேண்டும் என்ற தேவையில்லை, அது அழகைத் தோற்றுவிக்கிறது என்ற கருத்தில் பரதர் விடையளிக்கிறார். 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று இன்று அரங்கத்தை விட்டு வெளியே வந்து கேட்கிறவர்கள், மிகப் பழைய நூல் ஒன்றில் முனிவர்களே எழுப்பிய கேள்வியைத்தான் திரும்ப எழுப்புகிறார்கள்.

எஞ்சியிருப்பது அசைவு. அதையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 1957-இல் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பால் டெய்லர் சோதித்துப் பார்த்தார். 'டூயட்' என்ற படைப்பில் அவர் நின்றார், அவருடன் பங்கேற்ற பெண் அமர்ந்திருந்தார்; திரை விழும்வரை இருவரும் அசையவே இல்லை. நடன அமைப்பைப் பலருக்குக் கற்பித்தவரும் விமர்சகருமான லூயிஸ் ஹார்ஸ்ட், அந்த நிகழ்ச்சிக்கான மதிப்புரையில் கலைஞரின் பெயர், இடம், நாள் ஆகியவற்றுக்குக் கீழே வெற்றிடத்தை மட்டும் விட்டு, அடியில் தம் பெயரின் முதலெழுத்துகளை இட்டு அச்சேற்றினார். நடன வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட மதிப்புரைகளுள் ஒன்று அது. என்னைக் கேட்டால், அன்று ஹார்ஸ்ட் தம் கடமையிலிருந்து தவறிவிட்டார் என்றே சொல்வேன். அசையாத உடலிலும் பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கிறது: எடை எந்தக் காலில் நிற்கிறது, மூச்சு விலாவை எப்படி உயர்த்துகிறது, நிற்பவருக்கும் அமர்ந்தவருக்கும் இடையே உள்ள தொலைவு நேரம் செல்லச்செல்ல எவ்வாறு இறுகுகிறது. பல்லாண்டுகளாக உடலைப் பார்த்துப் பழகிய ஒருவர், அதைப் பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அந்தப் பெண் என்ன செய்தார் என்பதைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். எப்படிச் செய்தார் என்பதை ஓர் இடத்திலும் எழுதவில்லை. நாற்காலியை ஒரு கையால் இழுத்தாரா, இரு கைகளாலுமா? முன்னோக்கி நடந்தாரா, பின்னோக்கியா? முதல் முறை இழுத்ததற்கும் கடைசி முறை இழுத்ததற்கும் என்ன வேறுபாடு? நான் நடனத்தைப் பிரித்தறிவது இந்தக் கேள்விகளைக் கொண்டுதான். ஒரு படைப்பு தன் உடலசைவின் தன்மையையே நம் கவனத்தின் மையத்தில் வைக்குமாறு ஆக்கப்பட்டிருந்தால், அது எவ்வளவு எளிய அசைவாக இருந்தாலும் அதை நடனம் என்று சொல்வேன். உடல் ஒரு கருத்தையோ செயலையோ ஏந்திவரும் கருவியாக மட்டும் இருந்தால், அந்த நிகழ்வு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அதற்கு வேறு பெயர் தேடுவேன். நீங்கள் நினைவுகூர முடிந்ததை எழுதி அனுப்புங்கள். இதே பகுதியில் தொடர்வோம்.

கேள்வி: உடலைக் கவனிப்பதே நடனம் என்றால், நான் வீடு பெருக்குவதும் மாடிப்படி ஏறுவதும் நடனமா?

பதில்: இல்லை. நீங்கள் பெருக்குவது தரை தூய்மையாவதற்காக. தரை தூய்மையானதும் வேலை முடிகிறது, உங்கள் முதுகு வளைந்த விதம் யாருக்கும் பொருட்டில்லை.

ஆனால் இந்தக் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மெய்யியலாளர் மன்ரோ பியர்ட்ஸ்லி 1982-இல் ஒரு விளக்கம் தந்தார்: ஒரு செயலின் நடைமுறைத் தேவைக்கு மேற்பட்ட உற்சாகமோ வீறோ ஓட்டமோ கம்பீரமோ அசைவில் இருக்கும்போது அது நடனமாகிறது என்பது அதன் சாரம். உடனே மெய்யியலாளர் நோயல் கரோலும் நடன வரலாற்றாசிரியர் சாலி பேன்ஸும் அதை மறுத்து எழுதினார்கள். நடன அமைப்பாளர் இவான் ரெய்னர் 1963-இல் உருவாக்கிய 'ரூம் சர்வீஸ்' என்ற படைப்பை அவர்கள் சான்றாகக் காட்டினார்கள். அதன் ஒரு பகுதியில் இருவர் ஒரு மெத்தையைத் தூக்கிக்கொண்டு அரங்கின் நடைபாதை வழியே வெளியே சென்று வேறொரு வாயில் வழியே உள்ளே வருகிறார்கள். அங்கே கூடுதல் வீறோ கம்பீரமோ எதுவும் சேர்க்கப்படவில்லை. மெத்தையைத் தூக்கத் தேவையான அளவே உடல் உழைக்கிறது. ஆயினும் அது நடனம் என்றார்கள், ஏனெனில் வேலை செய்யும் உடலின் அறிவை நாம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பகுதி அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. நான் இந்த வாதத்தில் கரோல், பேன்ஸ் பக்கமே நிற்கிறேன். மெத்தை எங்கேயும் கொண்டுசேர்க்கப்பட வேண்டியதில்லை என்று தெரிந்த கணத்தில், தூக்குகிறவர்களின் முழங்கால்களைப் பார்க்கத் தொடங்குகிறோம்.

தமிழில் 'ஆடு' என்ற வினை மிகவும் விரிந்தது. ஊஞ்சல் ஆடுகிறது, நீராடுகிறோம், உரையாடுகிறோம், விளையாடுகிறோம். இந்த விரிவைக் காட்டி எல்லாமே ஆட்டம்தான் என்று வாதிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. சொல்லின் விரிவு அழகானது என்றாலும் அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. மரம் ஆடுகிறது என்பது சாதாரணப் பேச்சு. மரம் நடனமிடுகிறது என்றால் அது கவிதை. இந்த வேறுபாட்டைத் தமிழ் பேசும் சிறு குழந்தையும் அறியும்.

கேள்வி: நான் ஓவியம் பயின்றவள், சில ஆண்டுகளாக 'பெர்ஃபாமன்ஸ் ஆர்ட்' (கலைஞரின் உடலும் செயலுமே படைப்பாகும் கலை) செய்கிறேன். அண்மையில் இரண்டு கைகளிலும் பனிக்கட்டியை ஏந்தி, அது முழுவதும் உருகித் தீரும்வரை நின்றேன். அதைப் பார்த்த ஒருவர் 'அருமையான சமகால நடனம்' என்று எழுதினார். அவர் பாராட்டியிருந்தும் எனக்கு அது உறுத்துகிறது. என் உறுத்தலில் நியாயம் உண்டா?

பதில்: உண்டு. முதலில் இந்தக் குழப்பத்துக்குத் தமிழில் ஒரு கூடுதல் காரணம் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 'பெர்ஃபாமன்ஸ் ஆர்ட்' என்பதை 'நிகழ்த்துகலை' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல் இசை, நாடகம், கூத்து, நடனம் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக ஏற்கெனவே வழங்கிவருகிறது. பொதுப்பெயரையே ஒரு கிளைக்கும் வைத்துவிட்டால், அந்தக் கிளையில் நிகழ்வது எல்லாம் மேடைக்கலையாகவே தோன்றும். எனவே நானும் உங்களைப் போல 'பெர்ஃபாமன்ஸ் ஆர்ட்' என்றே எழுதுகிறேன்.

இந்தக் கலை பெரிதும் ஓவியர்களிடமிருந்தும் சிற்பிகளிடமிருந்தும் வந்தது. 1959-இல் நியூயார்க்கின் ரூபன் காலரியில் 'ஆறு பகுதிகளில் பதினெட்டு நிகழ்வுகள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆலன் கப்ரோ நடத்திய நிகழ்ச்சியை அதன் தொடக்கங்களுள் ஒன்றாகச் சொல்வார்கள், கப்ரோ ஓவியர். ஆனால் அடுத்த ஆண்டே அதே காலரியில், நடனக் கலைஞரான சிமோன் ஃபோர்டி ஏற்றப்பலகையையும் சக்கரம் பொருத்திய பெட்டிகளையும் வைத்துத் தம் முதல் படைப்புகளை அரங்கேற்றினார். 1961-இல் கலைஞர் யோகோ ஓனோவின் மாடிக்கூடத்தில் ஃபோர்டியின் 'ஹடில்' நிகழ்ந்தது. 1962 ஜூலை 6 அன்று நியூயார்க்கின் ஜட்சன் நினைவு தேவாலயத்தில் இளம் நடனக் கலைஞர்கள் நடத்திய முதல் நிகழ்ச்சியிலிருந்து ஜட்சன் நடன அரங்கம் என்ற குழு உருவாயிற்று. அதில் ஓவியர்களும் இசைக்கலைஞர்களும் பங்கேற்றார்கள். ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க் அடுத்த ஆண்டு உருளைச் சக்கரக் காலணிகளை அணிந்து, முதுகில் பாராசூட்டை விரித்து, 'பெலிக்கன்' என்ற நடனத்தை உருவாக்கினார். அக்காலத்தில் இந்த இரு கலைகளும் ஒரே தெருக்களில், ஒரே நண்பர் வட்டத்தில், பல நேரங்களில் ஒரே ஆட்களைக் கொண்டு வளர்ந்தன. உங்களைப் பாராட்டியவர் இரண்டையும் கலந்து பேசுவதற்கு வரலாற்றில் இடம் இருக்கிறது.

இருந்தாலும் வேறுபாடு இருக்கிறது என்றே கருதுகிறேன். அதைக் கண்டறிய எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: உடல் செய்வதன் விதத்தை மாற்றிவிட்டால் படைப்பு நிலைக்குமா? யோகோ ஓனோ 1964-இல் கியோட்டோவில் முதன்முதலாக நிகழ்த்திய 'கட் பீஸ்' என்ற படைப்பில், அவர் மேடையில் அசையாமல் அமர்ந்திருக்கிறார். எதிரே கத்தரிக்கோல் இருக்கிறது. பார்வையாளர்கள் ஒவ்வொருவராக வந்து அவர் ஆடையிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துச் செல்கிறார்கள். நிகழ்த்துகிறவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று ஓனோ குறித்திருக்கிறார். அங்கே நம்மை உலுக்குவது, வந்து வெட்டுகிற கைகள் எவ்வளவு தூரம் போகும் என்பதுதான். அமர்ந்திருக்கும் விதத்தைச் சற்று மாற்றினாலும் அந்தக் கொடுமை குறையாது. அது மகத்தான படைப்பு. ஆனால் அதை நடனம் என்று சொன்னால் அதன் கூர்மையை மழுங்கடிக்கிறோம்.

ஃபோர்டியின் 'ஹடில்' இதற்கு எதிர்ப்பக்கம். ஆறேழு பேர் நெருங்கி, தோள்மேல் கைபோட்டு, குனிந்து ஒரு குவியலாக நிற்கிறார்கள், ஒருவர் பிரிந்து அந்தக் குவியல்மேல் ஏறி மறுபுறம் இறங்கி மீண்டும் அதில் கலக்கிறார், பிறகு இன்னொருவர். பத்து நிமிடங்கள் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. சுற்றிவந்து பார்ப்பதற்கு அது ஒரு சிற்பம்போல இருக்கும். ஆனால் ஏறுகிறவரின் எடை கீழே உள்ள முதுகுகளுக்கு மாறும் அந்தக் கணங்களை நீக்கிவிட்டால் அங்கே வேறொன்றும் மிஞ்சாது. அதனால் அது நடனம். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2015-இல் இந்த வரிசைப் படைப்புகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது, குறிப்புகளையும் வரைபடங்களையும் வாங்கியதோடு நிற்காமல், ஆட்களிடமிருந்து ஆட்களுக்கு உடல்வழியாகக் கற்பிக்கப்பட வேண்டிய ஒன்றாகவும் அவற்றை ஏற்க வேண்டியிருந்தது. ஃபோர்டி அவற்றுக்கு வைத்த பெயர் 'டான்ஸ் கன்ஸ்ட்ரக்ஷன்ஸ்', அதாவது நடனக் கட்டுமானங்கள்; எந்தச் சொல்லையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

என் கோடு மங்கிப்போகும் இடமும் இருக்கிறது. பெர்ஃபாமன்ஸ் ஆர்ட் கலைஞரான மரினா அப்ரமோவிச் 2010-இல் அதே அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ மூன்று மாதங்கள், 700 மணி நேரத்துக்கும் மேலாக, நாற்காலியில் அமர்ந்து எதிரே வந்து அமர்ந்தவர்களின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெய்லர் 1957-இல் அசையாமல் நின்றதை நடனம் என்று ஏற்கும் நான், இதை ஏன் ஏற்கத் தயங்குகிறேன்? டெய்லரின் படைப்பில் நிற்கும் உடலும் அமர்ந்த உடலும் ஒன்றையொன்று சார்ந்து அமைக்கப்பட்டிருந்தன; அப்ரமோவிச்சின் படைப்பிலோ இரு மனிதர்கள் சந்திப்பதுதான் நிகழ்கிறது என்று என்னால் விடை சொல்ல முடிகிறது. ஆனாலும் வாரக்கணக்கில் நிமிர்ந்திருந்த ஒரு முதுகெலும்பைப் பற்றி எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்ல மனம் வரவில்லை. எல்லை தெளிவாக இல்லாத இடம் இருப்பதால் எல்லையே இல்லை என்று ஆகிவிடாது. அந்தியும் இருக்கிறது, பகலும் இரவும் இருக்கின்றன.

உங்கள் பனிக்கட்டிக்கு வருவோம். நீங்கள் நிற்பதற்குப் பதில் அமர்ந்திருந்தாலும், உங்கள் இடத்தில் வேறொருவர் ஏந்தியிருந்தாலும், உருகுதலும் வலியும் காலமும் அப்படியே இருந்திருக்கும் என்றால், உங்கள் மறுப்பு முற்றிலும் சரியானது. அந்த எழுத்தாளருக்கு ஒரு வரி எழுதுங்கள். நடனம் என்ற பெயரை அவர் பட்டமாக எண்ணி உங்களுக்குச் சூட்டியிருக்கிறார். அது பட்டம் இல்லை, ஒரு வகைப்பெயர் மட்டுமே என்பதால், அதை மறுப்பதில் உங்களுக்கு இழப்பு ஒன்றும் நேராது. ஆனால் அவர் உங்கள் தோள்களில் எதையேனும் பார்த்தாரா என்றும் கேட்டுப் பாருங்கள். படைப்பாளியின் சொல்லுக்கு முதலிடம் உண்டு என்றாலும், அதுவே முடிவான சொல் ஆகிவிடாது.

கேள்வி: இருபது ஆண்டுகளாக நடனம் கற்பிக்கிறேன். ஓர் அடவைச் சீராகச் செய்ய இயலாதவர்கள்கூடத் தரையில் புரண்டுவிட்டு 'சமகால நடனக் கலைஞர்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். பயிற்சிக்கு மதிப்பே இல்லையா?

பதில்: உங்கள் வருத்தத்தில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன, அவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதி வருத்தம் தீரும். இது நடனமா என்பது ஒன்று. இது நல்ல நடனமா என்பது மற்றொன்று. சீர் தட்டும் வெண்பாவை நாம் பிழையான வெண்பா என்கிறோம், உடனே அதை உரைநடை என்று சொல்லிவிடுவதில்லை. தரையில் புரண்டவர் ஆடியது மோசமான நடனமாக இருக்கலாம். அதை மோசம் என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும். அந்தத் துணிவு இல்லாதபோதுதான் 'இது நடனமே இல்லை' என்ற பெரிய தீர்ப்பின் பின்னால் ஒளிந்துகொள்கிறோம். 'சோதனை முயற்சி' என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, உழைப்பில்லாமல் மேடையேறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நானும் மறுக்கவில்லை. எதைச் சோதிக்கிறீர்கள், அதில் என்ன கண்டீர்கள் என்று அவர்களிடம் கேட்க வேண்டும்.

ஆனால் இந்தப் பாதையைத் திறந்தவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஜட்சன் குழுவினரில் பலர் ஒன்றுகூடியது கன்னிங்ஹாமின் பயிற்சிக்கூடத்தில் ராபர்ட் டன் நடத்திய நடன அமைப்பு வகுப்பில்தான். ஸ்டீவ் பாக்ஸ்டன் கன்னிங்ஹாமின் குழுவிலேயே ஆடியவர். இவான் ரெய்னர் 1965-இல் காட்சிப் பகட்டையும் திறமையை வெளிச்சமிடுவதையும் மறுத்து எழுதிய வரிகளை, பயிற்சியையே மறுத்ததாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள்; அவரே 2008-இல் அந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபரிசீலனை செய்ததைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அவருடைய 'ட்ரையோ ஏ', 1966-இல் முதலில் நிகழ்த்தப்பட்டது. ஏறத்தாழ ஐந்து நிமிடங்கள்தான். அதில் எந்த அசைவுத்தொடரும் திரும்ப வருவதில்லை. எந்த அசைவும் மற்றதைவிட அழுத்தம் பெறுவதில்லை. ஆடுகிறவரின் பார்வை பார்வையாளரைச் சந்திப்பதில்லை. பார்க்கும்போது யாரும் செய்துவிடலாம் என்று தோன்றும் அந்த ஐந்து நிமிடங்களைக் கற்றுக்கொள்ள முயலும்போதுதான், அழுத்தமில்லாமல் அசைவது எவ்வளவு கடினம் என்பது உடலுக்குத் தெரியவரும். இடைவிடாமல் முத்தாய்ப்பு வைத்துப் பழகிய உடலுக்கு அது இன்னும் கடினம்.

பயிற்சி பெறாதவர்களை வேண்டுமென்றே மேடையேற்றிய படைப்புகளும் உண்டு. பாக்ஸ்டனின் 'சாட்டிஸ்ஃபையின் லவர்' (1967) என்ற படைப்பில் பல்வேறு உடல்வாகு கொண்ட சாதாரண மனிதர்கள் மேடையைக் கடந்து நடக்கிறார்கள், நடுவே நிற்கிறார்கள், சிலர் நாற்காலியில் அமர்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவர் நடப்பதுபோல் இன்னொருவர் நடப்பதில்லை என்பதை அதுபோல் எனக்குக் காட்டிய வகுப்பு எதுவும் இல்லை. ஜெர்மன் நடன அமைப்பாளர் பினா பாஷ் 1978-இல் தம் குழுவுக்காக அமைத்த 'கோண்டாக்ட்ஹோஃப்' படைப்பை 2000-இல் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களைக் கொண்டும், 2008-இல் பதின்ம வயதினரைக் கொண்டும் மீண்டும் மேடையேற்றினார். அமைப்பு அதே, தயங்கும் கையின் பொருள் மட்டும் வயதோடு மாறியது. ஜப்பானில் புட்டோ என்ற நடனத்தை ஹிஜிகாட்டா தட்சுமியோடு வளர்த்தெடுத்த ஓனோ கசுவோ, தம் புகழ்பெற்ற தனி நடனத்தை 1977-இல் ஆடியபோது அவருக்கு வயது 71. பிற்காலத்தில் எழுந்து நிற்க இயலாதபோது அமர்ந்தபடியே கைகளால் ஆடினார். பரதநாட்டியத்தில் ஊறிய சந்திரலேகா, 1985-இல் 'அங்கிகா'வில் களரியையும் யோகத்தையும் நடனத்தோடு இணைத்தார். 2001-இல் 'சரீரா'வில் அசைவை அவர் அவ்வளவு மெதுவாக்கியபோது, அடவு எங்கே என்று கேட்டவர்களால் முதுகுத்தண்டு மெல்ல விரிவதைப் பார்க்க முடியாமல் போயிற்று.

உங்கள் இருபது ஆண்டுகள் வீண் என்று இவை எதுவும் சொல்லவில்லை. இந்தப் படைப்புகளைப் பார்க்கப் பழகிய கண் உங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த முறை தரையில் புரளும் இளைஞரைப் பார்க்கும்போது, அடவைத் தேடாமல், இடுப்பு தரையைத் தொடும் முன் தலை எங்கே இருந்தது என்று பாருங்கள். அவர் அறிந்து செய்தாரா, அறியாமல் விழுந்தாரா என்பதை உங்களைவிட யாரும் விரைவாகச் சொல்லிவிட முடியாது.

கேள்வி: சுவரில் நடப்பதும் நடனமா?

பதில்: ஆம். நடன அமைப்பாளர் ட்ரிஷா பிரவுன் 1970-இல் நியூயார்க்கில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் சுவரில், கயிற்றுப் பட்டை கட்டிய ஒருவரை மேலிருந்து கீழே நடந்து இறங்கச் செய்தார். உடல் தரைக்கு இணையாக இருக்க, கால்கள் சாதாரணமாக நடப்பதுபோலவே நடக்க வேண்டும் என்பதுதான் பணி. புவியீர்ப்பு திசைமாறியதும், நாம் வாழ்நாள் முழுவதும் கவனிக்காமல் விட்ட ஓர் எளிய நடை, ஒவ்வோர் அடியிலும் கவனிக்க வேண்டியதாக ஆகிவிட்டது. சாகசமாக மட்டும் இருந்திருந்தால் அவர் வேகமாக இறங்கியிருப்பார்.

(முதல் கடிதத்தை எழுதியவர், என் பதிலைத் தபாலில் பெற்றபின் மீண்டும் எழுதியிருக்கிறார்.)

கேள்வி: நீங்கள் கேட்டவற்றை நானும் மனைவியும் உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தோம். தொடக்கத்தில் அவர் ஒரு கையால், சாதாரணமாக, வேறு எதையோ எண்ணிக்கொண்டு இழுப்பதுபோல இழுத்தார். பிறகு இரு கைகளாலும் இழுத்தார். நடுப்பகுதியில் பின்னோக்கி நடந்தார். கடைசிச் சில முறைகளில் நாற்காலியின் முதுகில் தம் முதுகைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு போனார். அப்போது அவர் நாற்காலியைக் கொண்டுபோகிறாரா, நாற்காலி அவரைத் தாங்கிக்கொண்டு போகிறதா என்று தெரியவில்லை. இது என் மனைவிக்குத்தான் நினைவிருந்தது. நாற்காலிக் கால்கள் தரையில் எழுப்பிய ஒலி முதலில் ஒரே கீறலாக இருந்ததென்றும், முடிவில் விட்டுவிட்டு வந்ததென்றும் அவள் சொல்கிறாள். இப்போது சொல்லுங்கள்.

பதில்: இப்போது சொல்ல முடியும்: நீங்கள் இருவரும் பார்த்தது நடனம். பிடி மாறியது, திசை மாறியது, எடை கைகளிலிருந்து முதுகுக்கு வந்தது. அந்த மாற்றங்களுக்கு ஒரு வரிசையும் இருந்தது. எதேச்சையாக நாற்பது நிமிடம் நாற்காலி இழுக்கிறவரிடம் இப்படி ஒரு வரிசை அமைவதில்லை. தாளம் இல்லை என்று முதல் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். உங்கள் மனைவி கேட்ட அந்த ஒலியே அதன் தாளம். அவர் சோர்ந்ததாலோ, சோர்வை அமைத்துக் காட்டியதாலோ அது விட்டுவிட்டு வந்திருக்கும்.

நிகழ்ச்சி நல்லதாக இருந்ததா என்பதைப் பார்க்காத நான் சொல்ல முடியாது. நாற்பது நிமிடம் நீளம் என்று உங்களுக்குத் தோன்றினால், அது நீளமாகவே இருந்திருக்கலாம். அமைப்பாளர்கள்மீது உங்களுக்கு இருக்கும் குறையும் அப்படியே நிற்கிறது. 'நடன நிகழ்ச்சி' என்பதோடு, 'இசையில்லாமல், ஒரே செயலை மீண்டும் மீண்டும் நிகழ்த்தும் தனி நடனம். நாற்பது நிமிடங்கள்' என்று ஒரு வரியைச் சேர்த்து அச்சிட்டிருந்தால், எழுந்து போனவர்களில் பலர் வந்தே இருக்க மாட்டார்கள், உங்களைப் போன்றவர்கள் வேறு மனத்தோடு வந்திருப்பார்கள். அந்த ஒரு வரியை எழுதச் சொல்லி அரங்கத்தாருக்குக் கடிதம் எழுதுங்கள். முன்வரிசையில் கண்களைத் துடைத்துக்கொண்டவர் எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அது அந்த முதுகு நாற்காலியில் சாய்ந்த கணமாக இருக்கலாம் என்று உங்கள் இரண்டாம் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது.